மவ்த்துக்குப் பின் பி.எஃப். பணம் யாருக்கு? வில்லியனூர், பாகூர் குடும்பங்கள் இன்றே பார்க்க வேண்டிய கணக்கு

ஒரு வீட்டில் மவ்த் என்றால் நம் முஹல்லா ஓடி வந்து நிற்கிறது. கஃபன் துணி வாங்க ஒருவர், கப்ர் தோண்ட ஆள் சொல்ல ஒருவர், பள்ளியில் அறிவிக்க ஒருவர் என்று வேலைகள் தாமாக நடந்துவிடுகின்றன. மூன்று நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்ட நாம் விடுவதில்லை. இது நம் சமுதாயத்தின் பெருமை. ஆனால் இறந்தவரின் சட்டைப் பையிலோ பீரோவிலோ கிடக்கும் கம்பெனி அடையாள அட்டையை எடுத்து, "இவருக்கு பி.எஃப். பிடித்தார்களா? யாரை நாமினியாகப் போட்டிருக்கிறார்?" என்று கேட்க அப்போது ஒருவரும் இருப்பதில்லை. இத்தா முடிந்து, வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் நெருக்கும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது.

புதுச்சேரியில் பென்ஷன் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது 'சொல்தா' வீடுகள்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் இறந்தால் அவர் மனைவிக்குப் பணம் வரும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். அதே ஊரில், சேதராப்பட்டு, திருபுவனை, காட்டுக்குப்பம் தொழிற்பேட்டைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் இறந்தால் அவர் மனைவிக்கும் மாதந்தோறும் ஓய்வூதியம் உண்டு என்பது பல வீடுகளுக்குத் தெரியாது. பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளில் ஒப்பந்தத் தொழிலாளராக வேலை பார்ப்பவர்களின் வீடுகளிலும் இதே நிலைதான்.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்துவிட்டன. பி.எஃப். சட்டமும் பணிக்கொடைச் சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துள்ளன. பழைய திட்டங்கள் மாறுதல் காலத்தில் தொடர்கின்றன. அடுத்த சில நாட்களிலேயே, டிசம்பரில், நாமினி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பையும் அளித்தது. இரண்டும் நம் வீட்டு வாசலைத் தொடுகிற செய்திகள்.

ஒரு பிடித்தம், மூன்று உரிமைகள்

சம்பளச் சீட்டில் 'பி.எஃப்.' என்று ஒரே வரிதான் இருக்கும். ஆனால் அதன் பின்னால் மூன்று திட்டங்கள் இருக்கின்றன.

முதலாவது வருங்கால வைப்பு நிதி. தொழிலாளியின் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளியும் 12 சதவீதம் கட்டுகிறார். முதலாளி கட்டுவதில் 3.67 சதவீதம் மட்டுமே இந்தக் கணக்குக்கு வரும். உறுப்பினர் இறந்தால் சேர்ந்திருக்கும் தொகை முழுவதும் குடும்பத்துக்கு உரியது.

இரண்டாவது, 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டம். முதலாளி கட்டுவதில் 8.33 சதவீதம் இங்கே போகிறது. இதற்கான சம்பள உச்சவரம்பு ரூ.15,000. சொந்த ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு சேவை வேண்டும் என்பதைக் கேட்டுவிட்டு, குடும்ப ஓய்வூதியத்துக்கும் பத்தாண்டு வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு ஒரே ஒரு மாதச் சந்தா கட்டப்பட்டிருந்தாலும் குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு.

மனைவிக்குக் குறைந்தபட்சம் மாதம் ரூ.1,000. பிள்ளைகளுக்குத் தாயின் ஓய்வூதியத்தில் தலா 25 சதவீதம், குறைந்தது ரூ.250. இது ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை கிடைக்கும். மூத்த பிள்ளைக்கு 25 ஆனதும் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும். தாயும் இல்லாத பிள்ளைகளுக்கு 75 சதவீதம், குறைந்தது ரூ.750. நிரந்தர ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பே இல்லை, ஆயுள் முழுவதும் கிடைக்கும்.

மூன்றாவது, 1976 முதல் இருக்கும் இ.டி.எல்.ஐ. என்ற வைப்புடன் இணைந்த காப்பீடு. இதற்குத் தொழிலாளியிடம் ஒரு பைசாவும் பிடிப்பதில்லை, முதலாளிதான் 0.5 சதவீதம் கட்டுகிறார். பணியில் இருக்கும்போது எந்தக் காரணத்தால் இறந்தாலும் இது உண்டு. பன்னிரண்டு மாதத் தொடர் வேலை இருந்தால் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை 35ஆல் பெருக்கி, பி.எஃப். கணக்கின் சராசரி இருப்பில் பாதியைக் கூட்டுவார்கள். அந்தப் பாதிக்கு உச்சவரம்பு 1.75 லட்சம்.

உதாரணமாக, பி.எஃப். கணக்கில் ரூ.12,000 சம்பளம் காட்டப்பட்டு, ரூ.1,20,000 சராசரி இருப்பு உள்ள ஒருவர் இறந்தால், ரூ.4,20,000 உடன் ரூ.60,000 சேர்த்து ரூ.4,80,000 கிடைக்கும். அதே மனிதர் கையில் ரூ.12,000 வாங்கிக்கொண்டு, கணக்கில் பேசிக் ரூ.6,000 என்று காட்டப்பட்டிருந்தால் பெருக்கலில் வரும் தொகை ரூ.2,10,000 ஆகச் சுருங்கிவிடும், இருப்பும் பாதியாகும். "பிடித்தம் குறைவு, கையில் கூடுதல்" என்று நாம் மகிழும் ஏற்பாட்டுக்கு விலை கொடுப்பது நம் பிள்ளைகள்தான். புதிய சட்டத் தொகுப்பில், படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கருதப்படும் என்று வந்திருப்பது இந்த வகையில் வரவேற்க வேண்டியது.

2025ஆம் ஆண்டில் இ.டி.எல்.ஐ. விதிகளும் தளர்த்தப்பட்டன. ஓராண்டு முடியும் முன்பே இறந்தவர் குடும்பத்துக்கும் குறைந்தது ரூ.50,000 உண்டு. ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேர இடையில் 60 நாள் வரை இடைவெளி விழுந்தாலும் அது தொடர் வேலையாகவே கருதப்படும். நோயால் சம்பளமில்லாமல் வீட்டில் கிடந்து, கடைசிச் சந்தாவிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறந்தவருக்கும், கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இருக்கும் வரை, இது பொருந்தும்.

திருமணம் ஆனதும் பழைய நாமினி?

இருபது வயதில் வேலைக்குச் சேரும் பையன் நாமினி என்ற இடத்தில் உம்மாவின் பெயரை எழுதுகிறான். அதில் தவறில்லை. ஐந்தாறு வருடத்தில் நிக்காஹ் ஆகிறது, பிள்ளைகள் பிறக்கின்றன. அந்தப் படிவம் அப்படியே கிடக்கிறது.

குடும்பம் இல்லாத நிலையில் செய்த நாமினி நியமனம், குடும்பம் உண்டானவுடன் செல்லாததாகிவிடும் என்பது பி.எஃப். விதி. குடும்பம் உள்ளவர் குடும்பத்தினரை மட்டுமே நாமினியாகப் போட முடியும். மனைவி, பிள்ளைகள், தன்னைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோர் அதில் அடங்குவர். சகோதரனையோ நண்பனையோ போட்டால் செல்லாது.

2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதைப் போன்றதே. அது மத்திய அரசு ஊழியர்களுக்கான ஜி.பி.எஃப். பற்றியது என்றாலும் படிப்பினை ஒன்றுதான். திருமணத்துக்கு முன் தாயை நாமினியாகப் போட்டிருந்த ஊழியர் 2003இல் மணமுடித்தார், 2021இல் இறந்தார். ஜி.பி.எஃப். நாமினியை மட்டும் அவர் மாற்றவில்லை. பணம் தாய்க்கா, மனைவிக்கா என்று இருவரும் வழக்காடினார்கள். திருமணத்தோடு பழைய நியமனம் செல்லாததாகிவிட்டது, இருவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரு படிவத்தைப் புதுப்பிக்காததால் மகனை இழந்த தாயும் கணவனை இழந்த மனைவியும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. நம் வீடுகளில் இது நடக்க வேண்டாம்.

நாமினியே இல்லாவிட்டால் என்ன ஆகும்? பி.எஃப். தொகையைக் குடும்பத்தினருக்குச் சமமாகப் பிரிப்பார்கள். ஆனால் 18 வயது முடிந்த மகன்களுக்கும், கணவன் உயிரோடிருக்கும் திருமணமான மகள்களுக்கும் அதில் பங்கு இல்லை. இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

சட்டத்தின் பங்கீடும் ஃபராயிளும்

அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் வாரிசுகளின் பங்கை நிர்ணயிக்கின்றன. கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பிறகே பங்கீடு என்பதையும் அவையே சொல்கின்றன. பி.எஃப். அலுவலகத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது. நாமினி யாரோ அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு அது ஃபைலை மூடிவிடும்.

பி.எஃப். இருப்பு என்பது இறந்தவர் உழைத்துச் சேர்த்த பணம். ஆகவே அது அவர் விட்டுச் சென்ற சொத்து என்பதே மார்க்க அறிஞர்களின் பொதுவான நிலை. நாமினி அதை வாங்கி வைக்கும் பொறுப்பாளர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருப்பு ரூ.3,00,000. மனைவிக்குத் தர வேண்டிய மஹர் ரூ.12,000 பாக்கி. மஹர் பாக்கியும் கடன்தான், ஆகவே அது முதலில் மனைவிக்குப் போய்விட வேண்டும். மீதி ரூ.2,88,000. தந்தை முன்பே இறந்துவிட்டார். தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு ரூ.36,000. தாய்க்கு ஆறில் ஒரு பங்கு ரூ.48,000. எஞ்சிய ரூ.2,04,000இல் மகனுக்கு ரூ.1,36,000, மகளுக்கு ரூ.68,000. மனைவி மட்டுமே நாமினி என்றால் மூன்று லட்சமும் அவர் கணக்கில்தான் விழும். "சட்டப்படி எனக்குத்தானே வந்தது" என்று அவர் சொன்னாலும், மாமியாரின் பங்கும் பிள்ளைகளின் பங்கும் அவரிடம் அமானிதமாகவே இருக்கின்றன.

கடன் விஷயத்திலும் இதே நிலைதான். நாமினிக்குச் சேர வேண்டிய பி.எஃப். தொகையை, இறந்தவரின் கடனுக்காக யாரும் ஜப்தி செய்ய முடியாது. விதவையின் கையில் இருக்கும் கடைசிக் காசைப் பறித்துவிடாமல் காக்கும் நல்ல சட்டம் இது. ஆனால் ஜனாஸா தொழுகைக்கு முன் நாம் கேட்பது என்ன? இவருக்குக் கடன் உண்டா, யார் பொறுப்பு என்பதுதானே! நீதிமன்றம் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

மாத ஓய்வூதியம் வேறு வகை. அது இறந்தவர் விட்டுச் சென்ற பணம் அல்ல. அவர் இறந்த பிறகு, குறிப்பிட்ட நபருக்கென்று திட்டம் தருவது. அது வாரிசுச் சொத்தில் சேராது, யார் பெயரில் வருகிறதோ அவருக்கே உரியது என்று பல உலமாக்கள் சொல்கிறார்கள். இ.டி.எல்.ஐ. தொகையில் கருத்து வேறுபாடு இருக்கிறது. கட்டாயப் பிடித்தத்தின் மீது சேரும் வட்டி குறித்தும் இரு கருத்துகள் உண்டு. இவற்றை நாமே தீர்த்துக்கொள்ளாமல், தொகையின் விவரத்தோடு ஆலிம்களிடம் சென்று கேட்டுக்கொள்வதே முறை. "பி.எஃப். பணம் வந்திருக்கிறது" என்று மொட்டையாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. எந்தத் திட்டத்தில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

பெற்றோர் விஷயத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. மனைவியோ பிள்ளைகளோ இருக்கும்போது தாய்க்கு இந்த ஓய்வூதியம் கிடையாது. மகன் சம்பாத்தியத்தில் வாழ்ந்த தாய்க்கு எஞ்சுவது பி.எஃப். இருப்பில் உள்ள அந்த ஆறில் ஒரு பங்குதான். அதையும் மறந்துவிட்டால் அவர் நிலை என்ன?

மறுமணத்தை மறைக்க வேண்டியதில்லை

விதவை மறுமணம் செய்தால் அவருக்குரிய ஓய்வூதியம் நின்றுவிடும். அதற்கு அஞ்சி நிக்காஹைத் தள்ளிப் போடுவதும், நிக்காஹ் முடித்துவிட்டு மறைப்பதும் நடக்கக் கூடியவை. தாயின் ஓய்வூதியம் நிற்கும்போது பிள்ளைகளுக்கு அது 25 சதவீதத்திலிருந்து அநாதைப் பிள்ளைகளுக்கான 75 சதவீதமாக உயர்கிறது. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதனால் இழப்பே இல்லை. ஹலாலான வழி திறந்திருக்கும்போது பொய் உறுதிமொழி எதற்கு? ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்தால் ஓய்வூதியம் முதலில் மணமுடித்தவருக்கும், அவருக்குப் பின் அடுத்தவருக்கும் போகும்.

சிறு பிள்ளைகளின் பங்கை வாங்குவதில் நம் பெண்களுக்குத் தனிச் சிக்கல் இருந்து வந்தது. முஸ்லிம் தனியார் சட்டப்படி பிள்ளைகளின் சொத்துக்குத் தாய் இயல்பான காப்பாளர் அல்ல. தந்தைக்குப் பின் தந்தை வழிப் பாட்டனாரே காப்பாளர். இதனால் காப்பாளர் சான்றுக்காக நீதிமன்றம் போக வேண்டிய நிலை வரலாம். 2025 ஆகஸ்டில் பி.எஃப். நிறுவனம் வெளியிட்ட சுற்றறிக்கை இதை எளிதாக்கியது. இறந்தவரின் மைனர் பிள்ளைகளின் பங்கை அவர்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே செலுத்தினால் காப்பாளர் சான்று தேவையில்லை. பிள்ளைகள் பெயரில் கணக்கு இல்லாத வீடுகள் இப்போதே தொடங்கி வைப்பது நல்லது.

எங்கே சிக்கிக்கொள்கிறோம்?

முதல் சிக்கல் இறப்புச் சான்று. இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். வீட்டில் இறந்தால் வில்லியனூர் அல்லது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து. ஜிப்மரில் இறந்தால் உழவர்கரை நகராட்சி. முண்டியம்பாக்கத்தில் இறந்தால் தமிழ்நாட்டுப் பதிவு. 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பெயர். ஒரே மனிதர் ஆதாரில் 'முகமது', பி.எஃப். கணக்கில் 'முஹம்மத்', நிக்காஹ் தஃப்தரில் வேறு எழுத்து. மனைவி ஒன்றில் 'பீவி', இன்னொன்றில் 'பேகம்'. உயிரோடு இருப்பவர் இதைத் திருத்துவது இப்போது எளிது. ஆதாரால் சரிபார்க்கப்பட்ட யு.ஏ.என். எண் இருந்தால், 2025 ஜனவரி முதல் பெயர், பிறந்த தேதி, துணைவர் பெயர் போன்ற பலவற்றை ஆவணம் இல்லாமலே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். இறந்த பிறகு அதே எழுத்துப் பிழை, விதவையை அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்கும்.

மூன்றாவது இத்தா. நான்கு மாதம் பத்து நாள் வெளியே அலைய முடியாது என்பதால் எல்லாம் நின்றுபோகிறது. ஓய்வூதியம் இறந்த மறுநாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதால் அந்தத் தொகை வீணாகாது. ஆனால் வீட்டுச் செலவு காத்திருக்காதே! உறுப்பினர் இணையத்தில் இ-நாமினேஷன் செய்து வைத்திருந்தால், மனைவி வீட்டிலிருந்தபடியே ஆதார் ஓ.டி.பி. மூலம் விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டாலும் மூன்று பலன்களுக்கும் ஒரே கூட்டு விண்ணப்பப் படிவம் போதும். அதை வீட்டில் வைத்தே நிரப்பிக் கையொப்பம் வாங்கி, மஹ்ரமான உறவினர் ஒருவர் கொண்டு செல்லலாம். ஆவணங்கள் சரியாக இருந்தால் 20 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி.

நான்காவது, பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளி. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை நிறுவனமே பொறுப்பு. பி.எஃப். அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து நிலுவை விசாரணை கோரலாம். சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் அதற்குச் சாட்சிகள். ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாம் நடக்கிறது, அங்கும் கொடுக்கலாம்.

ஐந்தாவது, அவசரத்தில் எடுத்துவிடுவது. வளைகுடாவுக்குப் போகும்போது, பத்தாண்டு முடியாத நிலையில், ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து மொத்தமாக எடுத்துவிடுகிறோம். அத்தோடு அந்தச் சேவைக் காலம் அழிந்துவிடுகிறது. பத்தாண்டு முடித்தவர் திட்டச் சான்றிதழ் பெற்று வைத்திருந்தால், 58 வயதுக்கு முன் வெளிநாட்டில் இறந்தாலும் இங்கே குடும்பத்துக்கு ஓய்வூதியம் உண்டு.

இவற்றோடு பணிக்கொடையும் இருக்கிறது. சாதாரணமாக ஐந்தாண்டு வேலை வேண்டும். இறந்தவருக்கு அந்த நிபந்தனை இல்லை. இ.எஸ்.ஐ. இருந்து, வேலையில் ஏற்பட்ட விபத்தில் இறந்தால் சார்ந்தோர் பலனும் ரூ.15,000 வரை இறுதிச் சடங்குச் செலவும் தனியே உண்டு.

ஆயிரம் ரூபாய் போதுமா?

உரிமையைப் பெறுவது ஒருபுறம். அந்த உரிமையின் அளவு மறுபுறம். குறைந்தபட்ச ஓய்வூதியம் ரூ.1,000 என்று 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது, இன்றும் அதேதான். சம்பள உச்சவரம்பு ரூ.15,000 என்பதும் அதே ஆண்டுக் கணக்கு. குறைந்தபட்சத்தை ரூ.7,500 ஆக்க வேண்டும் என்று ஓய்வூதியர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். ஒரு விதவைக்கு மாதம் ஆயிரம் என்றால் நாளைக்கு 33 ரூபாய். வில்லியனூர் சந்தையில் அதற்கு ஒரு வேளைக் குழம்புக்குக் காய் வாங்க முடியுமா? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியை நாம் வைக்க வேண்டும். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி ஆலைகள் ஓடிய காலத்தின் தொழிலாளர் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கும் இதே கவலைதான். இது நம் சமுதாயத்தின் கோரிக்கை மட்டும் அல்ல.

இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகள், கறிக்கடை, தையற்கடை, ஆட்டோ ஆகியவற்றில் உழைக்கும் நம் சகோதரர்கள் பலர் பி.எஃப். வளையத்துக்குள்ளேயே இல்லை என்பதும் உண்மை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் அமைப்புசாரா தொழிலாளர் நலச் சங்கத்திலும் பதிவு செய்வதைத் தள்ளிப் போட வேண்டாம்.

ஜமாஅத்துகளிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் பெரியது அல்ல. நிக்காஹ் தஃப்தரில் கையெழுத்து வாங்கும் நாளிலேயே மணமகனிடம் "பி.எஃப். நாமினியை மாற்றிவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஆதாரில் உள்ளபடியே பெயரை தஃப்தரில் எழுதலாம். செல்போன் தெரிந்த இரண்டு இளைஞர்களை ஒரு ஜும்ஆவுக்குப் பின் உட்கார வைத்து, வருகிறவர்களுக்கு இ-நாமினேஷன் போட்டுக் கொடுக்கலாம். உறுப்பினரின் புகைப்படமும் குடும்பத்தாரின் ஆதாரும் இருந்தால் அரை மணி நேர வேலை.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும், இன்று இரவே உங்கள் யு.ஏ.என். எண்ணை ஒரு தாளில் எழுதி மனைவியிடமோ உம்மாவிடமோ கொடுங்கள். யாருக்குக் கடன் தர வேண்டும், மஹர் பாக்கி எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். வஸிய்யத்தை எழுதி வைத்திருப்பது முஃமினின் பழக்கம் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நம் காலத்தில் அந்தத் தாளில் இந்த எண்ணும் இருக்கட்டும். நமக்குப் பின் நம் குடும்பத்தை யாரிடமும் கையேந்தாமல் வல்ல அல்லாஹ் காப்பானாக.